பெட்டிக்குப் போட்ட ஜன்னல்

முடியாது என்கிற வார்த்தை இளவரசன் வாயில் வராது. பெரம்பலூர் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் பட்டறை வைத்திருப்பவன். கல்யாண மண்டபத்துக்காரர்கள், ரைஸ்மில்காரர்கள் என்று யார் வந்து எப்பேர்ப்பட்ட ஓட்டை மிஷினை இறக்கினாலும், "வெச்சுட்டுப் போங்க, வழி பண்ணிரலாம்" என்பான். அந்த 'வழி பண்ணிரலாம்' இருக்கிறதே, அதுதான் பதினாறு வருஷமாக அவனுக்குச் சோறு போட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி அவனை அழ வைத்ததும் அதேதான்.

புதன்கிழமை காலையில் லெப்பைக்குடிக்காட்டு அப்துல் சலாம் ஒரு கேரவனைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். சலாம் பாய் குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். வந்தவர் சும்மா இருக்காமல், ஷூட்டிங்குக்கு வாடகைக்கு ஓடின பழைய கேரவன் ஒன்றைச் சென்னையில் பிடித்து, பெயின்ட் அடித்து, புது மெத்தை போட்டு, பிள்ளையை வளர்ப்பது போல வளர்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ரெண்டு கட்டில், குட்டி அடுப்படி, கக்கூஸ், ஏசி எல்லாம் உண்டு. அதற்கெல்லாம் கரண்டு கொடுக்கிற பெட்ரோல் ஜெனரேட்டர் மட்டும் ரெண்டு நாளாக இருமி இருமி நின்றுபோகிறதாம்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த வண்டி கிளம்பியே ஆகவேண்டும் என்றார். அவர் மகள் ருமைசாவுக்குப் பெண் குழந்தை பிறந்து மூணு மாசம் ஆகியிருந்தது. தாயையும் பிள்ளையையும் லால்பேட்டையில் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விடுகிற நாள் அது. அக்னி நட்சத்திர வெயில் மண்டையைப் பிளக்கிறது, பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, ஏசி இல்லாமல் அவ்வளவு தூரம் கூட்டிப் போக முடியாது என்று சொல்லிவிட்டு, இளவரசன் முகத்தைப் பார்த்தார். இளவரசன் என்ன சொல்லியிருப்பான் என்று நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

ருமைசாவும் கூட வந்திருந்தாள். தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, கண்ணை விரித்து, சின்னப் பெண் மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிள்ளைக்கு நுஹா என்று பேர். மாமியார் வீட்டில் வேறொரு பேர் சொன்னார்களாம், இவள் ஒற்றைக் காலில் நின்று இந்தப் பேரை வாங்கினாளாம். "கூப்பிட்டுப் பாருங்கண்ணே, திரும்பிப் பாப்பா," என்றாள் இளவரசனிடம். அவன் கூப்பிட்டான். பிள்ளை திரும்பவில்லை, கொட்டாவி விட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

வேலைக்கு இறங்கின பிறகுதான் சங்கடம் தெரிந்தது. மண்டபத்து ஜெனரேட்டர் என்றால் கொல்லையில் தகர ஷெட்டில் கிடக்கும், நாலு பக்கமும் போய் நின்று வேலை பார்க்கலாம். இது கேரவனின் பின்கட்டிலுக்கு அடியில், இரும்புத் தகட்டுப் பெட்டிக்குள் அடைத்து வைத்த மிஷின். வெளியே ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் ஆயில் ஊற்றலாம், அளவு பார்க்கலாம், சிவப்பு சுவிட்சை அமுக்கி நிறுத்தலாம், அவ்வளவுதான். பிளக், பில்டர், கார்புரேட்டர் எல்லாம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தன. முறைப்படி செய்வதென்றால் கீழே ஜாக்கி கொடுத்து, எட்டு போல்ட்டைக் கழற்றி, பெட்டியோடு மிஷினைத் தரைக்கு இறக்க வேண்டும். போல்ட்டெல்லாம் துருப்பிடித்துப்போய் ஒன்றும் அசையவில்லை. நாலு ஆளும் ஒன்றரை நாளும் ஆகிற வேலை.

இளவரசன் வண்டிக்குள் ஏறினான். பின்பக்கக் கட்டிலின் மெத்தையைத் தூக்கினான். பலகையைக் கழற்றினான். அதற்குக் கீழே ரெக்சின் ஒட்டின இரும்புத் தகடு, அதுதான் ஜெனரேட்டர் பெட்டியின் மேல்மூடி. கிரைண்டரை எடுத்து, ஒரு முழ நீளம், முக்கால் முழ அகலத்துக்கு அந்தத் தகட்டை அறுத்தெடுத்தான். அவ்வளவுதான், மிஷின் கைக்கு எட்டிவிட்டது. தகட்டின் ஓரமெல்லாம், ஸ்க்ரூ இருந்த ஒவ்வொரு ஓட்டையிலும், எவனோ ஒரு புண்ணியவான் கறுப்பு ரப்பர் பேஸ்ட்டை அள்ளி அப்பியிருந்தான். பிளேடில் அது ஒட்டிக்கொண்டு கருகி நாறியது. வேலை தெரியாத பயல் எவனோ என்று இளவரசன் திட்டிக்கொண்டே அறுத்தான்.

இப்படி ஜன்னல் போடுவது அவனுக்குப் புதுசும் இல்லை. பிப்ரவரியில் அரியலூர்ப் பக்கத்துக் கண் பரிசோதனை முகாம் வண்டி ஒன்று இதே மாதிரி பெட்டி மிஷினோடு வந்தபோது, இதே மாதிரி உள்ளிருந்து அறுத்து அரை நாளில் அனுப்பி வைத்தான். அந்த வண்டியின் நர்ஸம்மா பூரித்துப்போய் நாலு பேரிடம் அவன் பேரைச் சொன்னார். அப்புறம் கை கூசுமா என்ன?

பிளக்கை மாற்றினான், கார்புரேட்டரைக் கழுவினான், பில்டர் மாற்றினான். சைலன்சர் இணைப்பில் கொஞ்சம் கரி படிந்திருந்தது. இணைப்புக்கு நடுவே இறுக்கி வைக்கிற பேக்கிங் வளையம் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த அளவு பேக்கிங் திருச்சியில்கூடக் கிடைக்காது, சென்னையிலிருந்துதான் வரவேண்டும். சைலன்சர் பேஸ்ட்டைத் தடவி இறுக்கிவிட்டு, பயணம் முடிந்து வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்று சலாமிடம் சொன்னான். அதைச் சொன்னவன், தகட்டை அறுத்ததை மட்டும் சொல்லவில்லை. பிள்ளை மாதிரி வளர்த்த வண்டியில் ஓட்டை போட்டேன் என்றால் மனுஷன் மனசு சங்கடப்படும் என்று நினைத்தான். மேலே பலகையை வைத்து நாலு ஸ்க்ரூ போட்டு, மெத்தையைப் பழையபடி விரித்துவிட்டான். யாருக்குத் தெரியப்போகிறது!

எல்லாக் கதவையும் திறந்து போட்டுப் பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டினான். மிஷின் பூனை மாதிரி உறுமியது. ருமைசா பின்கட்டிலில் உட்கார்ந்து, சத்தமே கேட்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டாள். சலாம் பாய் இளவரசன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு அவன் மனைவி ஜெயசுதா பட்டறைக்குச் சோறு கொண்டுவந்தாள். பட்டறைத் தண்ணீர் டிரம்முக்கு மூடியில்லாமல் காக்கா வாய் வைத்துக்கொண்டிருந்தது. மூலையில் சாய்ந்து கிடந்த அந்தத் தகட்டை எடுத்து டிரம்மின் மேல் வைத்துப் பார்த்தாள், அளவு கச்சிதமாக இருந்தது. ரெக்சினைக் கத்தியால் உரித்துப்போட்டாள். ஓரத்தில் ஒட்டியிருந்த கறுப்பு பேஸ்ட் மட்டும் வரமாட்டேன் என்றது. நகம் வலிக்கச் சுரண்டிக்கொண்டே, இதை எதற்கு இப்படிப் பூசியிருக்கிறார்கள், தண்ணீர் ஒழுகாமல் இருக்கவா என்று கேட்டாள்.

இளவரசன் சோற்றைப் பிசைந்துகொண்டே, அது கட்டிலுக்கு அடியில் இருந்த தகடு, அங்கே ஏது தண்ணீர் என்றான்.

"அப்ப எதை அடைக்கறதுக்கு இவ்வளவு பூசியிருக்காங்க?"

அவள் சும்மாதான் கேட்டாள். பதிலை எதிர்பார்க்காமல் சுரண்டிக்கொண்டே இருந்தாள். இளவரசனுக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. ஒரு ஸ்க்ரூ ஓட்டையைக்கூட விடாமல் ஒருத்தன் உட்கார்ந்து அடைத்திருக்கிறான் என்றால், அவன் வேலை தெரியாத பயல் இல்லை. வேலை தெரிந்தவன். அடைத்தது தண்ணீரை இல்லை, புகையை.

அவனுக்குத் தெரியாத விஷயமா இது? நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மண்டபத்தில் மழைக்குப் பயந்து ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் அப்படியே சரிந்துபோனான். அவனை வெளியே தூக்கிப் போட்டவனே இளவரசன்தான். கண்ணுக்குத் தெரிகிற புகை என்றால் இருமல் வரும், எழுந்து ஓடலாம். இந்தப் புகைக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. தலைவலிக்கும், அசதியாக இருக்கும், தூக்கம் வரும். தூங்கினவன் தூங்கினவன்தான். ஆனால் மண்டபத்து மிஷின் கொல்லையில் கிடக்கிற மிஷின். அதற்கு மேலே மெத்தை போட்டு யாரும் படுப்பதில்லை. பதினாறு வருஷமும் கொல்லை மிஷினைப் பார்த்தே பழகின புத்தி, கட்டிலுக்கடியில் இருக்கிற மிஷினையும் அப்படியே பார்த்துத் தொலைத்துவிட்டது.

கையைக் கழுவாமலே சலாமுக்குப் போன் போட்டான். ரெண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். செந்துறை தாண்டிக்கொண்டிருக்கிறோம் என்றார் உற்சாகமாக. அவர் மனைவி சுல்தானாவும் மற்றவர்களும் சீர் சாமான்களோடு முன்னாடி காரில் போய்விட்டார்களாம். கேரவனில் முன் கேபினில் அவரும், ஓட்டுகிற அக்கா மகன் தாஜுதீனும், பின்னால் ருமைசாவும் பிள்ளையும்தான். மீன்சுருட்டியில் ஜும்மாவுக்கு நிறுத்திவிட்டு, தொழுகை முடிந்ததும் லால்பேட்டைக்குச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்களாம். மிஷின் அருமையாக ஓடுகிறது என்று வேறு சொன்னார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பாய், நான் பெட்டியை அறுத்துவிட்டேன் என்று நாலு வார்த்தை. ஆனால் அவன் சொன்னது வேறு. ஆயில் அளவில் ஒரு சந்தேகம், கொஞ்ச நேரம் ஜெனரேட்டரை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டான். சலாம் சிரித்தார்.

"இப்பத்தான் புள்ள தூங்குது தம்பி. ஏசியை நிறுத்தினா முழிச்சுக்கும். ருமைசாவும் தலைவலின்னு படுத்துட்டா, ராத்திரியெல்லாம் முழிப்புல்ல. லால்பேட்டை போயி ஆயிலைப் பாத்துக்கலாம், என்ன?"

தலைவலி என்கிற வார்த்தை இளவரசன் காதில் விழுந்தது. "சரிங்க பாய்," என்றான். போனை வைத்துவிட்டான்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சைலன்சர் பேஸ்ட் நன்றாகத்தான் தடவினேன், புகை கசியாது என்று சொல்லிக்கொண்டான். ராத்திரி கண் விழித்த பெண்ணுக்குத் தலைவலி வராதா என்றும் சொல்லிக்கொண்டான். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு ரைஸ்மில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தான். எந்த நட்டை எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை.

ஜெயசுதா சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அவனிடமிருந்து பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு, ஆயில் என்று சொன்னீர்களே, அறுத்ததைச் சொன்னீர்களா என்றாள். அவன் ஒரு நட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"அவரு கோவிச்சுக்குவாருன்னு பயப்படறீங்க. அந்தப் புள்ளைக்கு மூணு மாசங்க."

அவன் மணியைப் பார்த்தான். பன்னிரண்டே முக்கால். ஒரு மணி நேரம் போயிருந்தது. போனை எடுத்துச் சலாமுக்கு அடித்தான். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். மறுபடியும் அடித்தான். தாஜுதீன் நம்பர் அவனிடம் இல்லை, ருமைசா நம்பர் அவனிடம் எதற்கு இருக்கப்போகிறது? பைக்கை உதைத்துக் கிளப்பி அரியலூர் ரோட்டில் விட்டான். பெரம்பலூரிலிருந்து மீன்சுருட்டி எங்கே இருக்கிறது! தலைகீழாக நின்றாலும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்து போக முடியாது. அது தெரிந்தும் ஓட்டினான்.

பேரளி தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. வெள்ளைத் தூசி கண்ணை மறைத்தது. ஓரமாக நிறுத்தி மறுபடி போன் அடித்தான். நாலாவது தடவை. அப்போதுதான் அவன் மரமண்டைக்கு அது உறைத்தது. ஜும்மா நேரம். சலாம் பாய் போனை சைலண்டில் போட்டுப் பையில் வைத்துவிட்டுத் தொழுகையில் இருப்பார். தாஜுதீனும் பக்கத்தில் இருப்பான். அப்படியானால் வண்டி ஓடவில்லை, நிற்கிறது. காற்றும் இல்லை. இந்தத் தூசிக்கு ஜன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருக்கும். உள்ளே தாய் தனியாக இருக்கிறாள் என்று திரையெல்லாம் இழுத்துவிட்டிருக்கும். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கும். பிள்ளை முழிக்கக்கூடாது என்று மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், பூனை மாதிரி.

மீன்சுருட்டியில் அவனுக்கு யாரைத் தெரியும்? யோசித்தான். பள்ளிவாசலுக்கு எதிரிலேயே ஒரு கல்யாண மண்டபம். மாசம் ஒரு தரம் அங்கே ஜெனரேட்டர் பார்க்கப் போவான். சாவியும் பெருக்குமாறும் பூங்காவனம் என்கிற அம்மாவின் கையில் இருக்கும். மிஷின் கிளம்பவில்லை என்றால் போன் போட்டு அவன் ஏழு தலைமுறையையும் இழுக்கிற பொம்பளை. நம்பர் இருந்தது. அடித்தான், எடுத்தாள்.

எதிரில் வெள்ளையாக ஒரு பெரிய வண்டி நிற்கிறதா என்று கேட்டான். நிற்கிறது, வேப்ப மரத்து நிழலில், மதில் சுவரை ஒட்டி நிற்கிறது என்றாள். ஓடிப்போய் அதன் இடது பக்கம் பின்னாடி இருக்கிற சின்னக் கதவைத் திறந்து சிவப்பு சுவிட்சை அமுக்கச் சொன்னான். கதவைத் தட்டி உள்ளே இருக்கிற பெண்ணை எழுப்பச் சொன்னான். எழுந்திருக்கவில்லை என்றால் கண்ணாடியை உடைக்கச் சொன்னான்.

பூங்காவனம் அசையவில்லை. தொழுகை நேரத்தில், பொம்பளைப் பிள்ளை தனியாக இருக்கிற வண்டியை உடைத்தால் ஊர் என்ன பேசும், நீ குடித்திருக்கிறாயா என்று கேட்டாள். இப்போது ஆயில் கதையெல்லாம் எடுபடாது என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

"யக்கா, மிஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவுல இருந்த தகட்டை நான்தான் அறுத்தேன். புகை உள்ள போவுது. அந்தப் பொண்ணும் பச்சப் புள்ளையும் செத்துப்போயிடுவாங்க. ஓடுக்கா."

அதற்கப்புறம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனைக் கட் பண்ணவும் இல்லை. இடுப்பில் செருகிக்கொண்டு ஓடியிருக்கிறாள் போலிருக்கிறது. சேலை உரசுகிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். மிஷின் உறுமல் கிட்டே வந்து, சட்டென்று நின்றது. பிறகு தகரத்தில் கை அடிக்கிற சத்தம். "பாப்பா, ஏ பாப்பா, கதவத் தொற!" அடித்தாள், அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து பதிலே இல்லை. பிறகு அவள் எங்கேயோ ஓடினாள், திரும்பி ஓடிவந்தாள். மண்டபத்துக் கடப்பாறையைக் கொண்டுவந்திருக்கிறாள். கண்ணாடி உடைகிற சத்தம் அரியலூர் ரோட்டில் நின்றவன் காதில் வந்து விழுந்தது.

அதற்கப்புறம் ஒரே இரைச்சல். ஆம்பளைகள் குரல், ஓடுகிற காலடி, யாரோ "அல்லாஹ்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினது. சலாம் பாய் குரல்தான் அது. இளவரசன் குழந்தை அழுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டான். அழவில்லை. லாரிகள் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. தலையிலும் மீசையிலும் வெள்ளைத் தூசி படிய, போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அழு தாயி, அழு தாயி என்று அவன் அழுதான். எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியில் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு மெல்லிசான சத்தம் வந்தது. பிறகு போன் கட்டாகிவிட்டது.

வழியில் போன் போட்டு விசாரித்துக்கொண்டு ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது மணி ரெண்டரை தாண்டிவிட்டது. வாசலில் பூங்காவனம் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண்ணாடி கிழித்திருந்தது. அவனைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே போனதும் சலாம் பாய் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தொப்பி கோணிப்போய், சட்டையெல்லாம் வேர்வையாக இருந்தது. நீ மட்டும் அந்தம்மாவுக்குப் போன் போடவில்லை என்றால் ரெண்டு மவுத்து விழுந்திருக்கும் தம்பி, உன் ரூபத்தில் ரப்பே வந்தான் என்று சொல்லிச் சொல்லி அழுதார். பூங்காவனம் எதையும் சொல்லவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. அவனே சொல்லட்டும் என்று விட்டுவைத்திருக்கிறாள்.

குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது, கை காலை உதைத்தது. பக்கத்துப் படுக்கையில் ருமைசா கண் திறந்திருந்தாள். தஞ்சாவூருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. அதற்குள் சீட்டு எழுத வேண்டும் என்று நர்ஸ் குனிந்து, பாப்பா பேர் என்னம்மா என்று ருமைசாவிடம் கேட்டாள். ருமைசா அவளையே பார்த்தாள். நர்ஸ் குழந்தையைக் காட்டி மறுபடியும் கேட்டாள்.

"யாரு புள்ள அது?" என்றாள் ருமைசா.

டாக்டர் சலாம் பாயை வெளியே கூட்டிவந்து, புகை மூளைக்கு ஏறியிருக்கிறது, சிலருக்கு நாலு நாளில் தெளியும், சிலருக்கு நாளாகும், இப்போதைக்கு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவ்வளவு புகை வண்டிக்குள் எப்படி வந்தது என்றும் கேட்டார். சலாம் ஒன்றும் புரியாமல் இளவரசனைப் பார்த்தார். மிஷின்காரன், அவனுக்குத் தெரியும் என்கிற மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல இளவரசனால் முடியவில்லை.

சொன்னான். அறுத்ததைச் சொன்னான், மறைத்ததைச் சொன்னான், பதினொன்றே முக்காலுக்கே தெரிந்தும் ஆயில் என்று கதை விட்டதையும் சொன்னான். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, அடி விழும் என்று நின்றான். அடி விழட்டும் என்றுதான் இருந்தது. தாஜுதீன் ஒரு அடி முன்னே வந்தான். சலாம் கையை நீட்டி அவனைத் தடுத்தார். இளவரசனின் கைகளைப் பார்த்தார். அப்புறம் குரலே உயர்த்தாமல் ஒன்று கேட்டார்.

"இந்த மாதிரி ஜன்னல் இன்னும் எத்தனை வண்டிக்குப் போட்ருக்கே?"

அந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள். மத்தியானத்திலிருந்து அவன் நினைப்பெல்லாம் இந்த ஒரு வண்டியிலேயே இருந்தது. இப்போதுதான் பிப்ரவரி மாசம் ஞாபகத்துக்கு வந்தது. கண் முகாம் வண்டி. கண் சோதிக்கிறவர்களுக்கு இருட்டு வேண்டும் என்று ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, கதவைச் சாத்தி வைக்கிற வண்டி. அதில் சைலன்சர் இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. அது பிப்ரவரியில். இப்போது மே மாசம்.

அவன் போனைத் தடவி, கிருஷ்ணம்மாள் நர்ஸ் என்று எழுதி வைத்திருந்த நம்பரைத் தேடி எடுத்தான். சலாமும் தாஜுதீனும் பக்கத்திலேயே நின்றார்கள். ரொம்ப நேரம் ரிங் போனது. எடுத்தார்கள். பேச்சுக்குப் பின்னால் அந்த உறுமல் கேட்டது. செட்டிகுளத்தில் முகாம் நடக்கிறது, உள்ளே பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், சீக்கிரம் சொல்லுங்க தம்பி என்றார் கிருஷ்ணம்மாள்.

"அம்மா, நான் உங்க வண்டியில பெரிய தப்பு பண்ணிட்டேன். மிஷின் புகை உள்ள வர்ற மாதிரி தகட்டை அறுத்து வெச்சிருக்கேன். ஜெனரேட்டரை நிறுத்திட்டு எல்லாரையும் வெளிய எறக்குங்க. இப்பவே, இந்த நிமிஷமே."

கிருஷ்ணம்மாள் யாரையோ அதட்டி மிஷினை நிறுத்தச் சொன்னார், கதவைத் திறக்கச் சொன்னார். திரும்பப் போனுக்கு வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"ரெண்டு மாசமா உள்ள வந்து உக்கார்றவங்க எல்லாரும் தலைவலிக்குதுன்னு சொல்றாங்க தம்பி. நாங்க எல்லாருக்கும் கண்ணாடி எழுதிக் குடுத்துக்கிட்டிருக்கோம்."

போனுக்குள் மிஷின் சத்தம் நின்றது. ஒவ்வொருத்தராகப் படியிறங்குகிற சத்தம் கேட்டது. இளவரசன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு எண்ணினான். பதினொன்று வரும் வரைக்கும் எண்ணினான்.